நான் தொடங்கி வைக்காத பாட்டு

அன்புள்ள ராட்சசிக்கு,

இடி எழுதுகிறேன், உன் பழைய டிரம்ஸ்காரன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

முகவரி உன் அம்மா கொடுத்தது. வாசலிலேயே நிறுத்தி, 'எதுக்கு இப்ப?' என்று கேட்டார்கள். நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தார்கள். நீ உறுமிப் பழகிய நாட்களில், 'பொம்பளப் புள்ள தொண்டையா இது, லாரி கியர் மாத்துற மாதிரி' என்று திட்டிக்கொண்டே உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவர்கள். இப்போது வேறு கவலை சொன்னார்கள். 'போன்ல ரொம்ப மெதுவா பேசுறா தம்பி. காதோட ஒட்டி வச்சாத்தான் கேக்குது' என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. பாடுவதையே விட்டுவிட்டாயா?

இங்கே நம் இசைக்குழுவின் மற்ற இருவரைப் பற்றிச் சொல்கிறேன். நம் கிடார்காரன் மின்சாரம் இப்போது கட்டடங்களுக்கு வயரிங் செய்துகொண்டிருக்கிறான். கிடார் பரணில் கிடக்கிறதாம். சாலையில் என்னைப் பார்த்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தலையாட்டிவிட்டுப் போவான். நர்ஸ் அண்ணன்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுகிறார். அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். நம் பாட்டுகளின் பேஸ் கிடார் பகுதியை மெதுவாக வாசித்தால் இரண்டும் உடனே தூங்கிவிடுகின்றனவாம். நம் புரட்சி அந்த மட்டுக்காவது பயன்பட்டிருக்கிறது.

நான் புதன்கிழமை சாயங்காலம் இன்னும் நாம் ஒத்திகை பார்த்த அந்தப் பழைய ஐஸ் தொழிற்சாலைக்குப் போகிறேன். அதே குளிர் அறை, அதே தடித்த கதவு. உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே ஈ, எறும்புக்குக்கூடக் கேட்காது என்று சந்தோஷப்பட்டோமே, இப்போது அதுவே எனக்குப் பெரிய துக்கமாக இருக்கிறது. உன் மைக் ஸ்டாண்ட் மூலையில் நிற்கிறது. பாட்டே இல்லாமல் டிரம்ஸ் மட்டும் வாசிப்பது, யாருமில்லாத வீட்டில் தட்டு வைத்துச் சாப்பிடக் கூப்பிடுவது போல. கூப்பிட்டுவிட்டு நானே உட்கார்ந்திருப்பேன்.

நமக்கு எத்தனை பேர் கேட்க வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? முதல் நிகழ்ச்சி அந்தக் கல்லூரியின் சைக்கிள் கொட்டகையில். பத்தொன்பது பேர். அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள், ஒருவர் சைக்கிள் எடுக்க வந்தவர். பகலெல்லாம் தொலைபேசி நிறுவனத்தில் தேனாகப் பேசிப் புகார் கேட்கிற நீ, மேடையில் வாயைத் திறந்ததும் அவர் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். ஆனால் நம் ஹெவி மெட்டல் இசையில் நீ உறுமிப் பாடுவது ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிறோம், ஆனால் கேள்வி காதில் விழவில்லை. பாட்டு வரிகளை அச்சடித்து வாசலில் கொடுப்போம் என்று சொன்னவன் நான்தான். அச்சகத்தில் வேலை பார்ப்பவன் புத்தி வேறெங்கே போகும்? அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரி வரியாகத் தலையாட்டினார்கள்.

அப்புறம் அந்தப் பாட்டு. தையல் ஆலையிலிருந்து ஒரு பெண் உனக்குப் போன் செய்து, சிக்னல் கிடைக்கவில்லை என்று புகார் சொன்னாள். கொஞ்சம் வெளியே போய்ப் பேசிப் பாருங்கள் என்று நீ வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாய். 'வெளிய எப்படிங்க போறது, கதவ வெளிப்பக்கமா பூட்டிருக்காங்க' என்றாளே, அன்று சாயங்காலம் நீ குளிர் அறைக்கு வந்தபோது உன் முகம் சரியாக இல்லை. 'பூட்டிய கதவு' பிறந்தது அப்படித்தான். நம் விதிப்படி நாலு பேரும் கை தூக்கினோம். எதைச் செய்வதென்றாலும் நாலு கையும் எழ வேண்டும், ஒரு கை குறைந்தாலும் கிடையாது என்பது நீ போட்ட விதி.

இனி எழுதப்போவதை இரண்டு வருடமாக வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன்.

அச்சகத்தில் எந்தத் தாள் அடித்தாலும் கீழே கடைசி வரியாக அச்சகத்தின் பெயர் போக வேண்டும். அந்த வரியைச் சேர்ப்பது என் வேலை. நம் தாள்களில் மட்டும் ஞாபகமாக எடுத்துவிடுவேன். 'பூட்டிய கதவு' தாளை முதலாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டு வேளையில் அவசரமாக அடித்தேன். கை, பழக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. நான் பார்க்கவில்லை. கொடுத்தும் முடித்துவிட்டோம்.

பெரிய மைதானத்து நிகழ்ச்சியன்று, மேடை ஏற அரை மணி நேரம் முன்பு அந்தத் தையல் ஆலைக்காரரின் ஆள் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். தாளை விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. 'பாடுங்க தம்பி, யாரும் தடுக்கல. நாளைக்குக் காலைல இந்த அச்சகத்துல பூட்டு விழும், அவ்வளவுதான்' என்றார். அங்கே பதினோரு பேர் வேலை பார்த்தார்கள்.

அரை மணி நேரம் இருந்தது. உங்களிடம் சொல்லியிருக்கலாம். யார் கண்டது, நீயே அந்தப் பாட்டு வேண்டாம் என்று கை தூக்கியிருப்பாய். ஆனால் அதைச் சொன்னால் என் தப்பையும் சொல்ல வேண்டும். குச்சிகளை எடுத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டேன்.

நீ பாட்டின் பெயரைச் சொன்னாய். எட்டாயிரம் பேர் தாளோடு கை தூக்கினார்கள். எப்போதும்போல் பாதி திரும்பி, குச்சியோடு குச்சி நான் தட்டும் நாலு தட்டுக்காகக் காத்திருந்தாய். நான் தட்டவில்லை. இன்னொரு முறை திரும்பினாய். நான் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு பாட்டைத் தொடங்கினேன். மற்ற இருவரும் பழக்க தோஷத்தில் கூடவே வந்துவிட்டார்கள். நீ மட்டும் அந்தப் பாட்டு முழுக்க வாய் திறக்காமல் நின்றாய். முடிந்ததும் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாய்.

வேனில் ஒரே ஒரு முறைதான் கேட்டாய், ஏன் என்று. 'கை வரல' என்றேன். குழு கலைந்தது, நீ வெளியூர் போனாய். நான் விலை போய்விட்டதாக ஊர் பேசியபோதும் மறுக்கவில்லை. விலை போனவன் என்ற பெயர்கூட, சொந்தத் தொழிலில் சறுக்கியவன் என்ற பெயரைவிட எனக்குச் சுலபமாக இருந்தது. எவ்வளவு அற்பமான ஆள் நான், பார்.

போன மாதம் முதலாளி வயதாகிவிட்டது என்று அச்சகத்தை அவராகவே மூடிவிட்டார். அதனால்தானே இப்போது இந்தத் துணிச்சல் என்று கேட்பாய். ஆமாம், அதனால்தான்.

போன புதன்கிழமை மதியம் ஆலைப் பக்கம் போனேன். வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நூறு பேருக்கு மேல். கதவைப் பூட்டாதே என்பது ஒன்றுதான் கோரிக்கை. அவர்கள் கையில் நம் தாள். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, அச்சகத்தின் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. உறுமாமல், சாதாரணக் குரலில் பாடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனால் ஒருத்தி முந்துகிறாள், ஒருத்தி பிந்துகிறாள், சிரித்துவிட்டு நிறுத்துகிறார்கள். சாப்பாட்டுப் பையோடு இருந்த ஒரு அக்கா, 'யாராச்சும் ஒழுங்கா ஆரம்பிச்சு வைங்கடி' என்று கத்தினாள்.

புதன்கிழமை என்பதால் குச்சிகள் என் பையில் இருந்தன. சாலையைக் கடந்து போய், கேட்டுக் கம்பியில் நாலு தட்டுத் தட்டினேன்.

சேர்ந்து பாடினார்கள். நீ உறுமும் இடம் வந்ததும் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அது யாருக்கும் வரவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிந்ததும் அந்த அக்கா, இதை எழுதியது யார் என்று கேட்டாள். என் தோழி என்றேன். எங்கே என்றாள். 'வெளியூர்ல இருக்கா, வந்துடுவா' என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். அதனால் இந்த முறை நேராக மற்ற இருவரிடமும் போனேன். அச்சகத்து வரியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, ஆலை வாசலில் நாலு பேரும் அந்தப் பாட்டைப் பாடலாமா என்று கேட்டேன். நர்ஸ் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துத் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையைத் தூக்கினார். மின்சாரம் ஏணி மேல் நின்றபடி கேட்டான். 'இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா' என்று திட்டினான். கையிலிருந்த வயரை முறுக்கி டேப் சுற்றி முடித்தான். பிறகு டெஸ்டரோடு கையைத் தூக்கினான்.

தொண்டையைப் பார்த்துக்கொள். உப்புத் தண்ணீரை விட்டுவிடாதே. அந்தப் பெண்கள் தினமும் மதியம் பாடுகிறார்கள், நான் போய் நாலு தட்டுத் தட்டுகிறேன், உன் இடத்தை வெறுமனே விட்டுத்தான் பாடுகிறோம். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, நீ எங்கிருந்தாலும் உரக்கப் பேசு.

மூன்று கை தூக்கியாகிவிட்டது.

உன் கைக்காகக் காத்திருக்கும்,
இடி