காப்பும் தூண்டிலும்

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலிருந்து தூறல். நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் பாதிப் பேர் வரவில்லை. உட்கார்ந்து மாலைதீவுப் பயணத்துக்கு என்னென்ன கொண்டுபோவது என்று யோசித்தேன்.

இவருக்குத் தொப்பி. சீனி வருத்த மாத்திரை. எனக்கு வாந்தி மாத்திரை. மகன் சுரேஷுக்குத் தேயிலைத் தூள், இடித்த மிளகாய்த் தூள். மாசிக் கருவாடு வேண்டாம், அங்கிருந்துதானே இங்கே வருகிறது.

அங்கே வெள்ளைக்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் படகில் சு.வுக்கு வேலை. அடுத்த புதன் ஒருநாள் மட்டும் முதலாளி படகைத் தருகிறாராம். பிறகு அது பழுதுபார்க்கப் போய்விடும்.

பதுளைக் கண் டாக்டர் இவரைப் பற்றிச் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. "லேசருக்கும் கேக்கலம்மா. அவரு பாக்க ஆசப்படுறத இப்பவே காட்டிருங்க."

மடுல்சீமை வளைவுகளில் லொறி ஓட்டிய கண். மனுஷன் கேட்டது ஒன்றுதான். கரை தெரியாத கடலில் தூண்டில் போட்டு, மீன் மேலே வருவதைப் பார்க்க வேண்டுமாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தலையில் கல்லைப் போட்டுவிட்டார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"ஆத்தா கண்ணக் குடுப்பா புள்ள. ஞாயித்துக்கெழம கரகம் ஆத்துல எறங்குனதும் அவுத்துருவேன். செவ்வாக்கெழம நாம பிளேன்ல."

காப்பு கையில் இருக்கும்வரை தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது. மீனைத் தொடக் கூடாது. மீன் பிடிக்கப் போகிறவர் செய்கிற வேலையா இது? கத்தித் தீர்த்தேன். ஆத்தாளுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த வெள்ளிக் கண்மலரை எடுத்துக் காட்டினார்.

ஏப்ரல் 24, வெள்ளி

அடைமழை. மலையில் வெடிப்பு. மேல் லயத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில். திருவிழாவை நிறுத்திவிட்டார்கள். கரகம் ஒரு வாரம் தள்ளி, மே 3 ஞாயிறுதானாம்.

பூசாரியிடம் ஓடினேன். "நடுவுல அவுத்தா குத்தம் தாயி. நான் என்ன செய்ய?"

இவரோ, "விடு புள்ள, கடல் எங்க ஓடிப்போகுது" என்கிறார். கடல் ஓடாது. கண் ஓடிக்கொண்டிருக்கிறதே.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆத்தாளையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் இவர் தூங்கும்போது கத்தியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். கயிற்றை அறுக்கக் கை வரவில்லை. திரும்பப் பூசாரி வீடு. என் மூஞ்சியைப் பார்த்து அவருக்கே பாவமாகப் போயிருக்கும்.

"வீட்டுக்காரம்மா கையில மாத்திக் கட்டலாம். ஆனா வெரதம் ஒன்னோடது. கரகம் எறங்குற வரைக்கும் நீ எல்ல தாண்டக் கூடாது."

சு.வைப் பார்த்து நாலு வருஷம். ஆனாலும் பூசாரியை வீட்டுக்குக் கூட்டிவந்து கையை நீட்டினேன். இவருடைய வலது கையிலிருந்து அவிழ்த்து என் இடது கையில் கட்டினார்.

"நீ இல்லாம நான் எப்புடிப் போவேன்?"

"மவன் ஏர்போட்டுக்கு வருவான். போங்க. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க."

ஏப்ரல் 28, செவ்வாய்

விடியும் முன்னே வேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சு. சொல்லிவைத்திருக்கிறான். தொப்பியும் கையுமாக இவர், பெரிய துரை மாதிரி. சிரித்து அனுப்பினேன். வேன் வளைவில் மறைந்ததும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தேயிலைத் தூள் பை வாசலிலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 29, புதன்

மழை விட்டது. பகல் முழுக்கப் போனும் கையுமாகக் கோயில் மேட்டில். அங்கேதான் சிக்னல். சாயந்தரம் சு. பேசினான்.

"பெரிய மீனும்மா. அப்பாவேதான் இழுத்தாரு. ஒருத்தரையும் தொட விடல."

"மேல வாறதப் பாத்தாராடா? நல்லாப் பாத்தாரா?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"மடியில வச்சித் தடவிக்கிட்டே இருந்தாரும்மா. அப்புறம், என்ன கலருன்னு என்கிட்ட கேட்டாரு."