கேப்டன் அழிக்கச் சொன்ன பதிவு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று எங்கள் காப்பகத்தில் போர் நினைவுகளைப் பதிவுசெய்ய உங்கள் பழைய கேப்டன் வந்தார். தன் ரேடியோக்காரரான உங்களைப் போர்முனையிலிருந்து ஓடிப்போனவர் என்று எழுதிக்கொடுத்த அதே ஆள். நான் யார் என்று காட்டிக்கொள்ளவில்லை. கடைசிவரை பாலத்தில் தனியாக நின்றதாக அளந்தார்.

“பாலத்துல இருந்து கடைசித் தகவலை வயர்லெஸ்ல அனுப்பினது யாரு சார்?”

“ரேடியோக்காரன்தான்…” என்றவருக்கு முகம் வெளிறியது. “அதை அழிச்சிடும்மா, பேரப்பிள்ளைங்க கேப்பாங்க.”

“ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டாச்சே சார், ஒரு வார்த்தையும் வெட்ட மாட்டோம். நல்லா கேக்கட்டும்.”

அந்தப் பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அறையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஒரு ஸ்வெட்டரும், அந்த நாளைப் பற்றி உங்கள் குரலில் ஒரு பதிவும் அனுப்புங்கள். அவருடையதோடு சேர்த்து வைக்கிறேன். அவரைத் தேடி வருகிறவர்கள் உங்களையும் கேட்டாக வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்