தலைகீழ் மணி

ஷெஃபீல்டு,
திங்கட்கிழமை, மார்ச் 1974

கடற்கரைக் காற்று வாங்கும் ஸெட்ரிக் அவர்களுக்கு,

உங்கள் முன்னாள் மனைவி எட்னா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் உங்களைப் போல, பாரம் என்றதும் கழன்றுகொள்ளப் பார்க்கிறது. பூனை பெருத்துவிட்டது, நானும்தான். "புருசன் ஓடிப்போன வீட்ல இப்படியாடி சதை போடும்?" என்று பக்கத்து வீட்டு ஐவி கேட்டாள். "ஆக்குறத இப்ப நானேதானே திங்கறேன்" என்றேன்.

நீங்கள் போன பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பழைய வெள்ளிமுலாம் தட்டு, கரண்டிகளின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, எந்தப் பட்டறையில் செய்தது என்று நம் ஊர் வாரப் பத்திரிகையில் பதில் எழுதுகிறேன். புனைபெயர் 'கரண்டித் தாத்தா'. பெண் பெயர் போட்டால் எவனும் நம்பமாட்டான் என்றார் ஆசிரியர். பத்திக்கு மேலே தாத்தா படம், மீசையோடு. வரைந்தவர் என்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் வரைந்தார்.

சென்ற வாரம் தாத்தாவுக்குக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவிலிருந்து ஒரு கடிதம், கூடவே இரண்டு புகைப்படம். எழுதியது வில்மா. உங்கள் வில்மாவேதான். "ஐயா, எங்க வீட்டுக்காரரோட பெரியத்தை ஒரு பிரபு மாளிகையில இருந்தவங்க. அவங்க குடுத்த சுத்த வெள்ளித் தட்டு இது, மூடியோட. அடியில சர்ச் மணி ஒண்ணு தலைகீழா இருக்கு. அது பிரபு வம்சத்துச் சின்னம்னு இவரு சொல்றாரு, நெசமாங்க?"

குடித்த தேநீர் மூக்கு வழியாக வந்தது. உங்களுக்கு ஏது பெரியத்தை? இருந்த ஒரே அத்தையும் மீன் வறுத்து விற்றவள்.

சுத்த வெள்ளிக்கு அடியில் சிங்க முத்திரை இருக்கும். இதில் இருப்பது பட்டறையின் இரண்டு எழுத்தும் முலாமைக் குறிக்கும் எழுத்துகளும்; கடைசியில் பட்டறையின் சின்னமான மணி. அந்த வரிசையை அடித்தது என் அப்பா. பட்டறையில் முத்திரை அடிப்பதுதான் அவர் வேலை என்பதும், நான் பிறந்த சேதி வந்தபோது அவர் கையில் மணி அச்சு இருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். "பொண்ணுன்னாங்க, கை தடுமாறிப்போச்சு" என்பார். மேஸ்திரி திட்டிக் கழித்துப் போட்ட தட்டை அப்பாவே வாங்கி வந்தார். உலகத்தில் வேறெந்தத் தட்டிலும் அந்த மணி தலைகீழாக இல்லை.

விவாகரத்தின்போது வக்கீல் முன்னால் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "அப்படி ஒரு தட்ட நான் கண்ணாலயே பாத்ததில்லீங்க. அவ எங்கயாவது வெச்சுட்டு மறந்திருப்பா." அதே தட்டில் எத்தனை கிறிஸ்துமஸ் வாத்துக்கறி தின்ற வாய்! இரண்டு வருடமாக நிலவறையிலும் பரணிலும் தேடிய பைத்தியக்காரி நான்.

தாத்தா இரண்டு பதில் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் பெரியத்தையும் பிரபுவும் சௌக்கியமாக இருக்கிறார்கள். மற்றதில் அப்பா, மணி, வக்கீல் அறை, உங்கள் முழுப்பெயர், எல்லாம் உண்டு. எதை அச்சுக்குக் கொடுப்பது என்பதை வியாழன் மாலை முடிவு செய்வேன். பத்திரிகை சனிக்கிழமை வரும். வில்மா நம் பத்திரிகையைத் தபாலில் வரவழைத்துப் படிக்கிறாளாம். உங்கள் முகத்தை அப்போது பார்க்க முடியாதே என்பதுதான் என் ஒரே வருத்தம்.

ஐவியின் மருமகன் வியாழன் காலை மீன் லாரியோடு அங்கே வருவான். தட்டை அவனிடம் கொடுங்கள். மீன் நாற்றம் பரவாயில்லை, உங்களோடு குடித்தனம் செய்தவள்தானே. அதன் பிறகு நீங்கள் வில்மாவோடு நூறு வயது வாழுங்கள். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அவள் சமையல் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எட்னா

பி.கு: ஓரமெல்லாம் மஞ்சளாகத் தெரிவதால் வெள்ளிக்கிழமை புது முலாம் போடக் கொடுக்கப்போவதாக வில்மா எழுதியிருக்கிறாள். சுத்த வெள்ளிக்கு முலாமாம்! முலாம் கடையில் முதல் வேலையே இயந்திரத்தில் தேய்ப்பதுதான், அடிப்பக்கம் உட்பட; முத்திரை மிஞ்சாது. பெரியத்தை வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும், ஸெட்ரிக். மூடியையும் வில்மாவே வைத்துக்கொள்ளட்டும். தட்டு என் கைக்கு வரும்வரை அதன் அடியை மட்டும் யாரும் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.