காற்று மெஷினுக்கு ஐந்தாவது ஆள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முட்டியைத் தவிர.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மனைவி, தையல்காரி, இஸ்திரிக்கடைக்காரி, ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று நாங்கள் கூப்பிடுகிற பழக்கடைக்காரி, கடன் கொடுக்கிற ஆபீசர் பெண், நான். அப்புறம் உன் மகள். வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் அந்த வலி.

வராதவள் பால்காரி. அவள்தான் ஐந்தாவது ஆள். ஐந்து பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் நின்று, ஆபீசர் எதிரில் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கடன். ஒருத்தி குறைந்தாலும் ஃபைலை மூடிவிடுவார்கள். பிறகு அடுத்த வருஷம்தான். உன் மனைவி வாசலில் போட்டிருக்கிற பஞ்சர் கடைக்குக் காற்று மெஷின் வாங்கத்தான் இந்தக் கடன். கைப்பம்பு அடித்து அடித்து, தலை வாரக்கூட அவளுக்குக் கை தூக்க முடியவில்லை. உன்னிடம் போனில் சொல்லியிருக்க மாட்டாள்.

"இன்னும் அரை மணி நேரம்தான் பாட்டி" என்றாள் ஆபீசர் பெண். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பால் திரிந்ததற்கு என் பாத்திரம்தான் காரணம் என்று அந்தப் பால்காரி தெரு முழுக்கச் சொன்னாளே, அன்றிலிருந்து பதினேழு வருஷம் நாலு மாசமாக நான் அவளோடு பேசுவதில்லை. "உங்க வீம்பால ஒரு மெஷின் போச்சு" என்று ரேடியோ என்னிடமே சொன்னாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். பால்காரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "என் மேல இருக்கிற கோபத்த ஏண்டி என் மருமக தலையில இறக்குற?" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நானா வரமாட்டேன்னேன்? உங்க பிள்ளதான் போன் பண்ணி, 'போகாதீங்க அத்தை, எங்க வீட்டுப் பொம்பள ரோட்டுல பஞ்சர் ஒட்டினா எனக்கு அசிங்கம்'னான்க்கா."

அவள் வைத்த வாளியை நானே தூக்கி மாட்டுக்கு முன்னால் வைத்தேன். அதை நீ ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டாய். பிறகு, "அவன் கெடக்கான், நீ நட" என்றேன். கைகூடக் கழுவாமல் வந்தாள். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாக எல்லோரிடமும் ஒரு பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மெஷின் வந்து பத்து நாள் ஆகிறது. சிவப்பு நிறம். அது ஓடும்போது ரேடியோ பேசுவது காதில் விழாது. அது தனி லாபம். நேற்றுக் காலையில் மட்டும் பதினொரு வண்டி. உன் மனைவி முகமெல்லாம் கரி, வாயெல்லாம் பல்.

நீ போன் செய்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. லீவு போட்டு வந்து நீயே சொல். சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டயரையாவது கழற்றிக் கொடு. வேளைக்குச் சாப்பிடு. நூறு வயசு நன்றாக இரு.

பால்காரியைக்கூட மன்னித்துவிட்டேன். நீ வந்து சேரும்வரை நான் மன்னிக்காத ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். அது நீதான்.

உன் அம்மா