ஆடி போகட்டும்

ஆடி 9
மேகமூட்டம். மழை இல்லை. பூதலூரிலிருந்து ரயிலில் தஞ்சாவூர், பெரியாஸ்பத்திரி. இவருக்கு எச்ஐவி என்று போன வாரமே தெரிந்தது. இன்று எனக்கும். போன வருஷம் ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்டில் எனக்கு இல்லை. ஆக, எனக்குப் புதுசு. இவருக்குப் பல வருஷப் பழசாம்.

டாக்டரம்மா சொன்னது: "வந்துபோன நோயையெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு ஒடம்பக் காக்குற செல்லுங்க இருக்கும்மா. இந்தக் கிருமி மொதல்ல அதுங்க மேலதான் கை வைக்கும். அதுக்குள்ளயே போயித் தூங்கவும் செய்யும், அப்ப மருந்துக்கும் எட்டாது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீங்களோ அவ்வளவு செல்லு மிஞ்சும். ரெண்டு பேரும் இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க."

ஆளுக்கொரு டப்பா. தினம் ஒரு மாத்திரை.

திரும்பும்போது ரயிலில் இவர்: "ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் நல்ல நாளாப் பாத்து ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிப்போம்."

தலையாட்டினேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. வாங்கியது: சின்ன வெங்காயம், சோப்பு, புளி. அழுகை வரவில்லை. பசித்தது.

ஆடி 11
வாய்க்காலில் தண்ணீர். நாற்றங்காலில் விதை விட விடியும் முன்பே ஓடிவிட்டார். நாள் தள்ளினால் சம்பா கெட்டுப்போகுமாம். சாப்பிட வந்தபோது கேட்டேன்.

"ஆடியில வெத விடலாம், மாத்திர போடக் கூடாதா?"

"அது பயிரு, வளரணும். ஆடியில மருந்து ஆரம்பிச்சா நோவுல்ல வளரும்."

சோற்றில் பாதி மிச்சம். சட்டை தோளில் தொங்குகிறது. அவர் போனதும் என் டப்பாவைத் திறந்து ஒன்று போட்டுக்கொண்டேன். சொல்லவில்லை.

ஆடி 14
குமட்டல். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றிருந்தார் டாக்டரம்மா. பால்காரர் வரவில்லை. இவர் டப்பா அரிசிப் பானைக்குப் பின்னால், சீல் உடையாமல். பார்க்கிறேன், அரிசி அளக்கிறேன், மூடுகிறேன். கோபம்கூட இல்லை. மரத்துப்போன மாதிரி.

ஆடி 18
நல்ல வெயில். பெருக்கு. ஆற்றில் கூட்டம், காப்பரிசி, மஞ்சள். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா எனக்குத் தாலிக்கயிறு மாற்றிக் கட்டினார். "ஒம் புருஷன் நூறு வருஷம் இருக்கணும்னு வேண்டிக்கடி." வேண்ட வரவில்லை. வாயில் காப்பரிசி.

வீட்டுக்கு வந்தேன். இவருடைய டப்பாவின் சீலை உடைத்து ஒரு மாத்திரையை எடுத்து இவர் கையில் வைத்தேன்.

"ஆடி இன்னும் போகலையே."

"இந்தக் கயித்தையும் ஆடியிலதான் மாத்திக்கிட்டு வரேன். ஒங்களுக்காகத்தான? முழுங்குங்க."

"நீ?"

"நான் எப்பவோ ஆரம்பிச்சிட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க மட்டும் எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னீங்களா?"

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். முழுங்கினார்.

அப்போதுதான் கோபம் வந்தது. இத்தனை நாளில் முதல் தடவை. சாகப்போகிற மனுஷனைத் திட்டக் கூடாது என்று இருந்திருக்கிறேன். இனித் திட்டலாம்.