நாற்பது மொந்தைகள்

தாம்பரம், 1985

அன்புள்ள கங்கையம்மாளுக்கு,

நான் சுகம். உன் முட்டி வலி தேவலையா? வேலை போய்த் திரும்பி வந்துவிட்டது, பயப்படாதே.

நான் வேலை பார்க்கும் கள்ளுக்கடையை ஏகநாதன் என்பவர் ஏலத்தில் எடுத்தார். "எழுத்து தெரியாத கெழவன் இன்னாத்துக்கு?" என்று மொந்தை கழுவிக் கொடுக்கும் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, வாடிக்கைக்காரர்களின் நாற்பது மண்மொந்தைகளிலும் வேறு ஆளை விட்டுச் சாக்பீஸால் பேர் எழுத வைத்தார். முதல் நாள் கழுவியதுமே எல்லாப் பேரும் போச்சு. அடுத்தவன் வாய் வைத்ததில் எவன் குடிப்பான்? ஒரே கூச்சல். எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் விளிம்பிலுள்ள சின்னச் சின்ன உடைசலையும் கீறலையும் தடவிப் பார்த்து, "இது கேசவனுது, இது ஜெயவேலுது" என்று நாற்பதையும் பிரித்துக் கொடுத்தேன். கடையே விசிலடித்தது. "பெரியவரே, நாளைலேர்ந்து வந்துடுங்க" என்றார் முதலாளி.

இங்கே எனக்கென்று ஒன்றும் இல்லை. வீட்டில் நான் காபி குடிக்கும் டம்ளரைக் கொடுத்தனுப்பு. கண்ணை மூடிக்கொண்டே அது என்னுடையதென்று சொல்வேன்.

இதை எழுதித் தரும் போஸ்ட்மேன் கிளம்புகிறார்.

உன் வீட்டுக்காரன்