தோள் உயரம்

தாம்பரம் கிழக்கு
11-2-2024

மாதா காவலில் இருக்கும் ஜோசலின் மேடம் அவர்களுக்கு,

சவுரிமுத்து மேஸ்திரி எழுதிக்கொள்வது. போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரை எப்படி பிளாக் பண்ணுவாய்? அவர் என் கட்சி.

நாலாங்கிளாஸ் படித்தவன் கடிதம், பிழை நிறைய இருக்கும். உன் அப்பா லாசரஸ் சாரிடம் காட்டாதே. சிவப்புப் பேனாவில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு வாத்தியாராக இருந்தவர்தானே. அவருக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியாமே. அங்கிருந்து பார்த்தால் நம் தெரு தெரிகிறதா?

உன் வீட்டு வேலையை முடித்துவிட்டேன். பால்கனியை மெஷின் வைத்து அறுத்து எடுத்தாயிற்று. கோயில் கமிட்டிக்காரர்கள் கடைசி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பால்கனி போய்விட்டது, அதற்குப் போகிற கதவு மட்டும் மாடியில் அப்படியே இருக்கிறது. திறந்தால் வெறும் காற்று. என் வீட்டுக்காரி செல்லம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, பொண்டாட்டிய தள்ளி வுடறதுக்குன்னே கதவு வச்சிக்கீறியா?" என்கிறாள். நல்ல யோசனை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்றபடி வீடு அழகுதான். இது புதுசு என்று வெளியாட்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய ரயில்வேக்காரர் வீடுகள் பதினெட்டும் எந்த உயரமோ அதே உயரம், அதே ஓட்டுச் சரிவு, அதே நெட்டை ஜன்னல். கார் போக பின்னால் வழி. பக்கத்து வீட்டு பென்னி, "ஜோசலின் வரைஞ்ச மாதிரியே எனக்கும் வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான் அல்லவா, அவன்தான் மனசு மாறிவிட்டான். கீழே கார், மேலே நாலு மாடி, முகப்பெல்லாம் கண்ணாடி. பள்ளம் எடுக்க ஆரம்பித்தாயிற்று.

தேர் விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நீயும் மறந்துவிட்டு ஒரு நாள் வா.

சவுரி அண்ணன்


கேளம்பாக்கம்
2-3-2024

அன்புள்ள சவுரி அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. செல்லம்மா அக்கா சொன்னதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். பிழை பதினொன்று என்று எண்ணியும் சொன்னார்.

எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். எனக்கு மறக்கவில்லை. மழைக்குக் கீழே தண்ணீர் ஏறும் என்று அப்பாவுக்கு மாடியில் அறை வைத்தேன். படி இறங்க முடியாதவர் வருஷத்துக்கு ஒரு நாள் மாதாவைக் கிட்டத்தில் பார்க்கட்டும் என்றுதான் தெருவில் யார் வீட்டிலும் இல்லாத அந்த ஒரு பால்கனி. போன செப்டம்பர் திருவிழா அன்று, தேர் வந்தால் தூவுவதற்கு உப்பும் மிளகும் மடியில் வைத்துக்கொண்டு நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். தேர் வந்தது. "இடிக்குதுபா! இறக்கு, இறக்கு!" என்று ஒரே சத்தம். ஆட்கள் தூக்கி வருகிற தேர், வழியில் தரையில் வைக்கக் கூடாது. அப்பா கண் முன்னால் அப்படியே திரும்பிப் போயிற்று. நம் வீட்டுக்கு அப்பால் எட்டு வீட்டுக்கு மாதா வரவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில், "யாரும்மா அளந்தது?" என்று ஃபாதர் கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஒரு ஜோக் சொன்னீர்கள். "மேடம் படிச்ச காலேஜ்ல தேருக்கு சிலபஸ் இல்ல போல, ஃபாதர்." எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான் அண்ணா. "என் டிராயிங், என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா இன்னும் சாயங்காலமானால் கேட்கிறார்: "ஒரு தடவை டேப் புடிச்சுப் பாத்திருக்கலாமேம்மா?" நான் விளக்குப் போட எழுந்துவிடுவேன்.

அன்புடன்
ஜோசலின்


தாம்பரம் கிழக்கு
12-8-2024

அன்புள்ள ஜோசலினுக்கு,

அஞ்சு மாசமாகப் பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதினேன். மூன்றும் ஜோக்காகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

நேற்று பூசை முடிந்ததும் இந்த வருஷத் திருவிழாவுக்குக் கமிட்டி கூடியது. பென்னி ஆரம்பித்தான்: "படிச்ச பொண்ணு, தெருவையே பேஜார் பண்ணிட்டுப் போயிடுச்சு." நான் எழுந்தேன். நான் எழுந்தாலே சிரிக்க ரெடியாகிவிடுவார்கள், உனக்குத் தெரியும். "அளந்தது நான்" என்றேன். சிரித்தார்கள். இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"தேர் எவ்ளோ உயரம் அண்ணா?" என்று நீ கேட்ட அன்று கொட்டகைக்குப் போனேன். தேர் தரையில் இருந்தது. டேப் பிடித்தேன். ஒன்பதரை அடி. பால்கனி பதினோரு அடியில் வருகிறது, தாராளமாகப் போகும் என்று உன்னிடம் சொன்னேன். முதுகு போகிற வரைக்கும் முப்பது வருஷம் அந்தத் தேரைத் தோளில் தூக்கினவன், ஜோசலின். தோளைச் சேர்க்க மறந்துவிட்டேன். எனக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்ததே சார்தான். அவர் வீட்டுக் கணக்கிலேயே கூட்டாமல் விட்டேன்.

தேர் இடித்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தில் நீ என்னைப் பார்த்தாய். வாயில் ஜோக் வந்தது. வெட்கம் வந்தால் எனக்கு அதுதான் வரும். அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

இதைச் சாருக்கு வாசித்துக் காட்டு. எதிர்வீட்டு கிறிஸ்டி தன் வீட்டை நீ வரைந்து கொடுப்பாயா என்று கேட்கிறாள். பூட்டிக் கிடக்க வேண்டிய வீடா அது? வந்துவிடும்மா.

சவுரிமுத்து


கேளம்பாக்கம்
21-8-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமைதான் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டேன். பென்னிக்குக் கட்டுகிற பில்டரே வாங்குகிறார். இடித்துவிட்டு அதே மாதிரி இன்னொன்று கட்டுவாராம்.

அப்பாவுக்கு வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். பிழை எண்ணவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சாயங்காலம் அந்தக் கேள்வி வருவதில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அளவுத் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. நானும் அந்தத் தெருவில் பிறந்தவள். கீழே நின்று தேர் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது உங்கள் தோள்தான். நானும் மறந்தேன். அதை மன்னித்துவிடலாம். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கிறிஸ்டியை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் தேதி பில்டர் ஆள் வருவார், சாவியைக் கொடுத்துவிடுங்கள். அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.

ஜோசலின்


தாம்பரம் கிழக்கு
8-9-2024

அன்புள்ள ஜோசலினுக்கு,

இடிக்கிற வேலைக்கு பில்டர் என்னைத்தான் கூப்பிட்டார். வேறு ஆள் பாருங்கள் என்றுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் தேர். உன் வீட்டு மாடிக்குப் போய் அந்தக் கதவைத் திறந்து, நிலையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். "யோவ், உழுந்து கிழுந்து வைக்காத!" என்று செல்லம்மா கீழேயிருந்து கத்தினாள். தேர் எங்கேயும் இடிக்காமல் வந்தது. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நிற்கிற மாதிரி உன் வீட்டு முன்னாலும் நின்றது. மாதா முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. தூக்குகிறவனுக்கு மாதா முகம் தெரியாது. இந்த வயசில்தான் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன்.

பால்கனியே வேண்டியிருக்கவில்லை, ஜோசலின். தெருவில் மற்ற பழைய வீடுகளில் இருக்கிற மாதிரி மாடியில் ஒரு ஜன்னல் போதும். சார் நாற்காலி போட்டு உள்ளேயே உட்கார்ந்து நேருக்கு நேர் பார்த்திருப்பார். தெருவுக்குத் தெரிந்தது, நம் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

சாருக்காக உப்பும் மிளகும் தூவினேன். அவர் பேர் சொல்லித்தான் தூவினேன். மீந்ததைப் பொட்டலம் கட்டி இதோடு வைத்திருக்கிறேன்.

தேர் நின்றபோது டேப்பைத் தொங்கவிட்டு அளந்தேன். தோளோடு சேர்த்து பதினாலேகால் அடி. இனிமேல் யாருக்கும் வேண்டாத அளவு. இருந்தாலும் எழுதி அனுப்புகிறேன். சார் ஒரு தடவை சரிபார்க்கட்டும்.

சவுரிமுத்து